வெயிட்டைப் பூஜ்யமாக்கிய பிறகும் ப்ராக்ஸி சர்வரை விட்டு இணைப்புகள் ஏன் போவதில்லை?

கேள்வி சாங்கி வர்த்தகப் பூங்காவில் இயங்கும் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க் குழுவிலிருந்து வந்திருக்கிறது. அவர்களிடம் ஸ்குவிட் என்ற மென்பொருள் ஓடும் நான்கு ப்ராக்ஸி சர்வர்கள் (ஊழியர்களின் சார்பில் இணையத்திலிருந்து கேட்டு வாங்கித் தரும் இடைநிலை சர்வர்கள்) இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், வரும் இணைப்புகளை நான்குக்கும் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சர். சிங்கப்பூர் ஊழியர்களும் சென்னைக் கிளையின் ஊழியர்களும் இதே நான்கின் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறார்கள். பராமரிப்புக்காக ஒரு சர்வரின் வெயிட்டை, அதாவது அதற்கு எவ்வளவு பங்கு அனுப்புவது என்று பேலன்சருக்குச் சொல்லும் எண்ணை, பூஜ்யமாக்கினால் மணிக்கணக்கில் காத்திருந்தும் இணைப்புகள் குறைவதில்லை. பொறுமை இழந்து நிறுத்தினால், பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டிருந்தவர்கள் புகார் செய்கிறார்கள். வேலை முடிந்து சேர்த்தால், மற்ற மூன்றும் திணறும்போது இது மட்டும் வேலையில்லாமல் நிற்கிறது. ‘கிளையண்ட் பெர்சிஸ்டென்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பையே (ஒரு கோரிக்கை முடிந்ததும் மூடாமல் அடுத்ததற்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் ‘நிலைத்த இணைப்பு’ வசதியை) அணைத்துவிட்டால் தொல்லை தீருமா என்று கேட்கிறீர்கள்.

நிரந்தரமாக அணைக்காதீர்கள். வெளியே எடுக்கப்போகும் அந்த ஒரு சர்வரில், எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அணையுங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் விளக்கப்போகிறேன்.

லோட் பேலன்சர் முடிவெடுப்பது கோரிக்கைக்கு ஒரு முறை அல்ல, இணைப்புக்கு ஒரு முறை. உங்களுடையது உள்ளடக்கத்தைப் படிக்காமல் நான்காம் அடுக்கில் பாக்கெட்டுகளை அனுப்பும் வகை என்றால், ஒரு பிரௌசர் காலையில் திறந்த டிசிபி இணைப்பு எந்த ஸ்குவிட்டுக்குப் போனதோ, அது மூடும்வரை அங்கேயேதான் இருக்கும். அதன்மேல் ஐந்து கோரிக்கை போனாலும் ஐயாயிரம் போனாலும் பேலன்சருக்குத் தெரியாது. வெயிட் பூஜ்யம் என்பதற்கு ‘இனிப் புதியவர்களை அனுப்பாதே’ என்பதுதான் பொருள். உள்ளே இருப்பவர்களை வெளியேற்று என்று அது யாரிடமும் சொல்வதில்லை.

1996இல் சிங்கப்பூர் ஒலிபரப்பு ஆணையத்தின் உரிம விதிகளால் இங்குள்ள இணையச் சேவை நிறுவனங்கள் ப்ராக்ஸி சர்வர்களை நிறுவியபோது இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையின் பழைய பதிப்பான எச்டிடிபி 1.0இல் ஒரு படத்துக்கு ஓர் இணைப்பு. படம் வந்ததும் இணைப்பு முடிந்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1தான், யாராவது மூடச் சொன்னாலன்றி இணைப்பு திறந்தே இருக்கும் என்பதை இயல்பு நிலையாக்கியது. ஒரு ப்ராசஸுக்கு 1024 ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இணைப்புக்கும் ஒன்று வேண்டும்) என்ற வரம்போடு ஓடிய பழைய சர்வர்களில் நிலைத்த இணைப்பை அணைத்து வைப்பதில் நியாயம் இருந்தது. பல வழிகாட்டிகளில் அந்த அறிவுரை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய சர்வருக்கு அது தேவையில்லை.

சும்மா இருக்கும் இணைப்பை, உணவங்காடியில் மேசைமேல் வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லை, ஆனால் இடம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்குவிட்டில் அந்த இடத்தை எவ்வளவு நேரம் ஒதுக்கி வைப்பது என்பதை ‘கிளையண்ட் ஐடில் பிகான் டைம்அவுட்’ முடிவு செய்கிறது. இயல்பு மதிப்பு 2 நிமிடம். ஸ்குவிட்டுக்கும் வெளியுலக சர்வர்களுக்கும் இடையிலான இணைப்புகளுக்கு ‘சர்வர் ஐடில் பிகான் டைம்அவுட்’ என்று தனியாக ஒன்று உண்டு. அதன் இயல்பு மதிப்பு 1 நிமிடம்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நாம் இந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. அலுவலக மேசைக்கும் ஊருக்குள் இருக்கும் தரவு நிலையத்துக்கும் போய்வரும் நேரம் ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. அமெரிக்க மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்று கணக்கிட்டால், நேர்கோட்டில் போய்வரவே 136 மில்லிவிநாடி ஆகும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 170ஐத் தாண்டும். ஆகவே ப்ராக்ஸிக்கும் ஊழியருக்கும் இடையில் ஓர் இணைப்பைப் புதிதாகத் திறப்பது செலவே இல்லை. ப்ராக்ஸிக்கும் அக்கரைக்கும் இடையில் திறப்பது பெரிய செலவு. உள்பக்கம் சிக்கனமாகவும் வெளிப்பக்கம் தாராளமாகவும் இருங்கள். கிளையண்ட் பக்க 2 நிமிடத்தை 15 அல்லது 20 விநாடிக்குக் குறையுங்கள். சர்வர் பக்க 1 நிமிடத்தைத் தொடாதீர்கள், வேண்டுமானால் 2 நிமிடமாக உயர்த்துங்கள்.

சென்னைக் கிளைக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். இரு ஊர்களையும் நேரடியாக இணைக்கும் ஐ2ஐ கேபிளின் நீளமே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிவிநாடிக்குக் குறைய வாய்ப்பில்லை. 20 விநாடி சும்மா இருந்துவிட்டு மறுபடி சொடுக்கும் சென்னை ஊழியர் அந்த ஒரு முறை 35, 40 மில்லிவிநாடி கூடுதலாகக் காத்திருப்பார். யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் நிலைத்த இணைப்பை முழுவதும் அணைத்தால் ஒரு பக்கத்தில் இருக்கும் 60 கோரிக்கைகளுக்கும் தனித்தனியாக அந்தக் காத்திருப்பு வரும். அதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

அணைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் ப்ராக்ஸி விண்டோஸ் நெட்வொர்க்குகளில் வழங்கும் என்டிஎல்எம் முறையில் பயனரைச் சரிபார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த முறையில் அனுமதி கோரிக்கைக்குக் கிடைப்பதில்லை, டிசிபி இணைப்புக்குக் கிடைக்கிறது. பிரௌசர் முதலில் வெறுங்கையோடு கேட்கும். ஸ்குவிட் 407, அதாவது ‘முதலில் யாரென்று காட்டு’, என்று திருப்பும். பிரௌசர் தன் அறிமுகத்தை அனுப்பும். ஸ்குவிட் ஒரு சவாலுடன் மீண்டும் 407 தரும். அதற்கு விடை வந்த பிறகே 200, அதாவது ‘சரி’ என்ற பதில். இணைப்பு நிலைத்திருந்தால் இந்தச் சடங்கு ஒரு முறையோடு முடிகிறது. மூடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சின்னப் படத்துக்கும் நடக்கும். கோரிக்கைகளை ஸ்குவிட் பதிந்துவைக்கும் ஆக்செஸ் லாகைத் திறந்தால் ஒவ்வொரு 200க்கும் மேலே இரண்டு 407 வரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ப்ராக்ஸியின் சுமை மட்டுமல்ல, பின்னால் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரின் சுமையும் எகிறும். மெதுவாக இருக்கிறது என்ற புகார் வரும்போது எல்லோரும் இணையத் தொடர்பைச் சந்தேகிப்பார்கள். லாகை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இனி, ஒரு சர்வரை வெளியே எடுக்கும் முறை. வரிசை மிக முக்கியம். முதலில் பேலன்சரில் வெயிட்டைப் பூஜ்யமாக்குங்கள். அதன் பிறகுதான் அந்த ஸ்குவிட்டின் கோப்பில் நிலைத்த இணைப்பை அணைத்து ‘ரீகான்ஃபிகர்’ (கோப்பை மீண்டும் படி என்ற கட்டளை) கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்குவிட் மூடிவிட்ட பிரௌசர்கள் திரும்ப இணையும்போது அதே சர்வருக்கே வரலாம். பேலன்சர் ‘குறைந்த இணைப்பு உள்ளவருக்கே முதலிடம்’ என்ற முறையில் ஓடினால் நிலைமை இன்னும் மோசம்: வேகமாக மூடும் சர்வரின் எண்ணிக்கைதான் எப்போதும் குறைவாக இருக்கும், ஆகவே நீங்கள் காலி செய்ய நினைக்கும் சர்வரையே பேலன்சர் தேடித் தேடி நிரப்பும்.

சரியான வரிசையில் செய்தால் நடப்பது இதுதான். பயன்பாட்டில் இருக்கும் ஒவ்வோர் இணைப்பிலும் அடுத்த பதிலோடு ‘கனெக்‌ஷன்: குளோஸ்’ என்ற தலைப்பு போகும். பிரௌசர் அந்தப் பதிலை முழுமையாகப் பெற்றுக்கொண்டு இணைப்பை விட்டுவிடும். அடுத்த கோரிக்கைக்குப் புதிதாகத் திறக்கும். அது மற்ற மூன்றில் ஒன்றுக்குப் போகும். எந்தப் பதிவிறக்கமும் பாதியில் அறுவதில்லை. சும்மா இருக்கும் இணைப்புகள், முன்பே 20 விநாடியாகக் குறைத்து வைத்திருப்பதால், தாமாகவே உதிரும். ஒரே நிமிடத்தில் சாதாரண எச்டிடிபி இணைப்புகளில் பெரும்பகுதி காலியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பதிவிறக்கங்கள் மட்டும் மிஞ்சும்.

அப்படியும் புதிய இணைப்புகள் வந்துகொண்டே இருந்தால், உங்கள் பேலன்சர் லினக்ஸுக்குள்ளேயே அமைந்த எல்விஎஸ்ஸாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரே பயனர் முகவரியை ஒரே சர்வரில் ஒட்டவைக்கும் வசதியை இயக்கியிருந்தால், வெயிட் பூஜ்யமான பிறகும் பழைய பயனர்களின் புதிய இணைப்புகளை அந்த சர்வருக்கே அது அனுப்பும். ‘எக்ஸ்பயர் குவையசென்ட் டெம்ப்ளேட்’ என்ற கெர்னல் அமைப்பு இயல்பாக அணைந்திருப்பதே காரணம். அதை 1 ஆக்கினால் வெயிட் பூஜ்யமானதும் அந்த ஒட்டுதல் ரத்தாகும். இந்த ஒரு வரி தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்த குழுக்கள் பல.

உங்கள் பேலன்சர் ஏழாம் அடுக்கில், அதாவது கோரிக்கைகளையே படித்துப் பிரித்து அனுப்பும் வகையில், எச்ஏ ப்ராக்ஸி என்ற மென்பொருள் எச்டிடிபி முறையில் ஓடுவதுபோல் ஓடினால் கதை வேறு. ‘கனெக்‌ஷன்’ தலைப்பு அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கு இடையிலான ஒரு கட்டத்துக்கு மட்டுமே உரியது. அது அடுத்தவருக்குக் கடத்தப்படுவதில்லை. ஸ்குவிட் ‘குளோஸ்’ என்று சொன்னால் பேலன்சருக்கும் ஸ்குவிட்டுக்கும் இடையிலான இணைப்புதான் மூடும். பிரௌசருக்குத் தெரியவே தெரியாது. ஸ்குவிட்டைக் காலி செய்வது எளிதாகிவிடுகிறது; ஆனால் பேலன்சரையே மாற்ற வேண்டிய நாளில் இதே சிக்கல் ஒரு படி முன்னால் நகர்ந்து நிற்கும். இந்த வகையில் இன்னொரு வரம்பையும் கவனியுங்கள். ஒற்றை முகவரியிலிருந்து ஒரு ஸ்குவிட்டின் ஒரு போர்ட்டுக்கு, லினக்ஸின் இயல்பான 32768 முதல் 60999 வரையிலான போர்ட் எண்களால் 28,232 இணைப்புகளுக்கு மேல் திறக்க முடியாது. குரோம் ஒரு ப்ராக்ஸிக்கு 32 இணைப்பு வரை திறக்கும். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இருக்கும் இடத்தில் இந்த எண்ணை எட்டுவது கடினமல்ல. பேலன்சருக்குக் கூடுதல் முகவரிகள் கொடுத்தால் தீரும்.

இவ்வளவு செய்தும் ஒரு கூட்டம் நகராது. அவைதான் டனல்கள். நீங்கள் மணிக்கணக்கில் பார்த்த இணைப்புகள் பெரும்பாலும் இவைதான் என்பது என் கணிப்பு. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும் பிரௌசர் ‘கனெக்ட்’ என்று கேட்கிறது. ஸ்குவிட் சரி என்றதும் அந்த இணைப்பு வெறும் குழாயாகிவிடுகிறது. உள்ளே ஓடுவது மறையாக்கப்பட்ட பைட்டுகள். அதற்குள் ‘குளோஸ்’ தலைப்பைச் செருக ஸ்குவிட்டுக்கு வழியில்லை, நிலைத்த இணைப்பை அணைத்தாலும் அது டனலைத் தொடாது, 20 விநாடிக் கெடுவும் தொடாது. உள்ளே எச்டிடிபி 2 ஓடினால் ஒரு தளத்தின் அத்தனை கோரிக்கைகளும் ஒரே டனலில் போகும். அரட்டைச் செயலிகள் அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி அதை நாள் முழுதும் உயிரோடு வைத்திருக்கும். ‘ரீட் டைம்அவுட்’டின் 15 நிமிடம் அந்தப் பாக்கெட்டுகளால் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சும் ஒரே எல்லை ‘கிளையண்ட் லைஃப்டைம்’. அதன் இயல்பு மதிப்பு 1 நாள்.

டனலை அறுப்பது உள்பக்கச் செலவோடு நிற்பதில்லை. அதன் இரு முனைகளும் பிணைந்திருப்பதால், அறுத்தால் அக்கரைவரை போகும் டிசிபி கைகுலுக்கலையும் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் கைகுலுக்கலையும் மறுபடி செய்ய வேண்டும். அமெரிக்கத் தளத்துக்கு அது ஏறத்தாழ 0.35 முதல் 0.5 விநாடிவரை. பதிவேற்றத்தின் நடுவில் அறுத்தால் பதிவேற்றமே போகும். ஆகவே கண்மூடித்தனமாக அறுக்காமல், யார் உண்மையில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆக்செஸ் லாகில் தேடாதீர்கள்; டனல் முடிந்த பிறகுதான் அதன் வரி அங்கே விழும். உயிரோடு இருப்பவற்றை ஸ்குவிட்டின் நிர்வாகப் பக்கங்களில் ‘ஆக்டிவ் ரிக்வெஸ்ட்ஸ்’ காட்டும்: எந்தத் தளம், எத்தனை விநாடிக்கு முன் தொடங்கியது, பயனருக்கு எத்தனை பைட் போயிருக்கிறது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து ஒப்பிடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: அங்கே இருப்பது பயனரை நோக்கிப் போன பைட்டுகளின் கணக்கு. பெரிய கோப்பைப் பதிவேற்றுபவரின் எண் கிட்டத்தட்ட அசையாது. அவர் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். உங்களுக்கு வந்த புகார்கள் பதிவேற்றியவர்களிடமிருந்து வந்ததற்கு இதுபோன்ற கணிப்புப் பிழையும் காரணமாக இருக்கலாம். லினக்ஸின் ‘எஸ்எஸ்’ கட்டளையை டி, ஐ என்ற விருப்பங்களோடு ஓட்டினால் ஒவ்வோர் இணைப்பிலும் பெற்ற பைட், அனுப்பி உறுதியான பைட் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். இரண்டு திசையிலும் ஒரு நிமிடத்தில் சில நூறு பைட்டுக்கு மேல் நகராதவற்றைத் அறுந்தாலும் பாதகமில்லை என்று கணக்கிலிருந்து விட்டுவிடலாம். அரட்டைச் செயலிகள் தாமாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். இரு திசையில் எதிலாவது எண் ஏறிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்.

காத்திருப்பதற்கு நல்ல நேரம் எது என்பதையும் இந்த இரண்டு ஊர்கள்தான் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூரில் மாலை 6.30க்கு அலுவலகம் காலியாகும்போது சென்னையில் மணி 4. அங்கே வேலை உச்சத்தில் இருக்கும். இரவு 11 மணிக்கு, சென்னையில் 8.30 ஆனபிறகு தொடங்கினால் மிஞ்சியிருக்கும் டனல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைசியில் ஸ்குவிட்டை நிறுத்தும்போது ‘ஷட்டவுன் லைஃப்டைம்’ என்ற 30 விநாடி அவகாசத்தை அது தானே தரும். அதைப் பூஜ்யமாக்கி வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். ‘கிளையண்ட் லைஃப்டைம்’மைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 12 மணி நேரமாக்குவதில் தவறில்லை. 1 மணி, 2 மணி என்று குறைத்தால் வேலை நடுவில் அறுப்பதைத் தினசரி வழக்கமாக்கியதாகிவிடும். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

டைம்அவுட்களைப் பற்றி இன்னொன்று. நான்காம் அடுக்கு பேலன்சர் தன் அட்டவணையிலிருந்து ஓர் இணைப்பை மறக்கும் நேரம், இரு முனைகளும் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். எல்விஎஸ்ஸின் இயல்பு 900 விநாடி. அமேசான் மேகத்தின் சிங்கப்பூர் வட்டாரத்தில் நெட்வொர்க் லோட் பேலன்சர் வைத்திருப்பவர்களுக்கு அது 350 விநாடி. லினக்ஸ் ஒரு சும்மா இருக்கும் இணைப்பைத் தட்டிப் பார்ப்பதோ 7,200 விநாடிக்குப் பிறகுதான். இடையில் அமைதியான டனல் ஒன்று பேலன்சரால் மறக்கப்பட்டு, முனைகள் இரண்டும் அது இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். அடுத்த பாக்கெட் போகும்போதுதான் அறுந்தது தெரியும். ஸ்குவிட்டின் எச்டிடிபி போர்ட் வரியிலேயே ‘டிசிபி கீப்அலைவ்’ (சும்மா இருக்கும் இணைப்பைத் தட்டிப் பார்க்கும்) விருப்பத்தை 60 விநாடிக்கு வைத்தால் இது நிற்கும். செத்துப்போன மடிக்கணினிகளின் இணைப்புகளும் அதனால் விரைவில் கழியும். ‘வடிவதே இல்லை’ என்று நீங்கள் எண்ணியவற்றில் சில இப்படிப்பட்ட ஆவிகளாகவும் இருக்கும்.

ஃபைல் டிஸ்க்ரிப்டர் பற்றிச் சுருக்கமாக: ஒரு டனலுக்கு இரண்டு வேண்டும். வரம்பு போதவில்லை என்றால் ஸ்குவிட் தானாகவே நிலைத்த இணைப்பு தருவதை நிறுத்திக்கொள்ளும். கேச் லாகில் எச்சரிக்கை வரியும் எழுதும். நீங்கள் எதையும் அணைக்காமலே இணைப்புகள் ஓயாமல் திறந்து மூடினால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

சர்வரைத் திரும்பச் சேர்க்கும்போது நிலைத்த இணைப்பை மறுபடி இயக்கி, ‘ரீகான்ஃபிகர்’ கொடுத்து, பிறகே வெயிட்டை ஏற்றுங்கள். அது வேலையில்லாமல் நிற்பதைக் கண்டு பதற வேண்டாம். மற்ற மூன்றில் இருப்பவர்களை அறுத்து இங்கே தள்ளுவது எந்த நன்மையும் தராது. 20 விநாடிக் கெடு வைத்த பிறகு சாதாரண இணைப்புகள் ஒரு சில நிமிடத்தில் தாமாகவே பரவிவிடும். டனல்கள் புதிதாகத் திறக்கத் திறக்க வரும். ‘குறைந்த இணைப்பு’ முறை இருந்தால் கவலை நேர்மாறானது: காலியாக இருக்கும் சர்வர் என்பதால் எல்லாப் புதிய இணைப்புகளும் ஒரே நேரத்தில் அதன்மேல் விழும், அதன் கேச் நினைவகமோ இன்னும் வெறுமையாக இருக்கும். எச்ஏ ப்ராக்ஸியில், வெயிட்டைச் சிறிது சிறிதாக ஏற்றும் ‘ஸ்லோஸ்டார்ட்’ அமைப்பை 5 நிமிடத்துக்கு வையுங்கள். எல்விஎஸ்ஸில் வெயிட்டைக் கையால் படிப்படியாக ஏற்றுங்கள். காலை 8 மணிக்குள் முடித்துவிட்டால் சிங்கப்பூரின் 9 மணி அலையும், நமது நண்பகலில் வரும் சென்னையின் 9.30 அலையும் நான்கிலும் சமமாகவே இறங்கும்.